மாசம் 35 ஆயிரம் 'வரை'... டிரெய்லர் டிரைவர் சம்பளத்தில் எது நிஜ சம்பளம்?

'டிரெய்லர் டிரைவர் தேவை. ஆல் இந்தியா பெர்மிட். மாதம் 35 ஆயிரம் வரை சம்பாதிக்கலாம்.'

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து டிரைவர்களில் இந்த மாதிரி வாட்ஸ்அப் விளம்பரத்தைப் பார்க்காதவர் குறைவு. இதில் கவனிக்க வேண்டியது 35 ஆயிரத்தை அல்ல, அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'வரை' என்ற சொல்லைத்தான். லோடு உடனே கிடைத்து, ஆலை வாசலில் காத்திருக்காமல், திரும்பி வரும்போதும் வண்டி நிறைந்து வந்தால் 35 ஆயிரம். இதில் ஒன்று தவறினாலும் எவ்வளவு என்று விளம்பரத்தில் இருக்காது.

நெடுந்தூர லாரி டிரைவரின் வருமானத்தை எவ்வளவு என்று பார்ப்பதைவிட எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் முக்கியம். சக்கரம் உருளாத நாளில் என்ன கிடைக்கும், டீசல் கூடுதலாகக் குடித்தால் யார் கையைக் கடிக்கும், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் குடும்பத்துக்கு எந்தத் தொகையை வைத்து இழப்பீடு கணக்கிடுவார்கள் என்பதையெல்லாம் அந்தக் கணக்கு முறைதான் முடிவு செய்கிறது.

எத்தனை விதமா சம்பளம் தர்றாங்க?

முதல் வகை, மாதச் சம்பளமும் தினசரி பேட்டாவும். வண்டி ஓடினாலும் நின்றாலும் சம்பளம் உண்டு. வெளியூரில் இருக்கும் நாட்களுக்குப் பேட்டா தனி. நிறைய வண்டி வைத்திருக்கும் கம்பெனிகளில் இது அதிகம்.

இரண்டாவது, வாடகையில் சதவீதம். ஒரு டிரிப்புக்கு வரும் வாடகையில் பேசிவைத்த பங்கு டிரைவருக்கு. ஒன்று, இரண்டு வண்டி வைத்திருக்கும் ஓனர்களுக்கு இது வசதி. வாடகை வந்தால்தான் கொடுக்க வேண்டும், வராவிட்டால் கைக்காசு போகாது.

மூன்றாவது, கிலோமீட்டர் கணக்கு. ஜிபிஎஸ் வந்த பிறகு இதைக் கணக்குப் பார்ப்பது எளிதாகிவிட்டது. நான்காவது, டிரிப்புக்கு மொத்தமாக ஒரு தொகை. டீசல், சாப்பாடு, வழிச்செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு, பற்றாவிட்டாலும் டிரைவர் தலையில்தான்.

நடைமுறையில் இவை தனித்தனியாக இருப்பதில்லை. கொஞ்சம் சம்பளம், கொஞ்சம் சதவீதம், மைலேஜ் காட்டினால் ஒரு தொகை என்று கலந்துதான் பேசுவார்கள். அதனால்தான் இரண்டு டிரைவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து யாருக்கு அதிகம் என்று ஒப்பிட்டால் பாதி நேரம் கணக்கே ஒத்துவராது.

டிரெய்லரில் மட்டும் என்ன தனி?

பக்கப் பலகை இல்லாத, தட்டையான நீள டிரெய்லரில் என்ன ஏற்றுகிறார்கள் என்று பார்த்தாலே புரியும். எஃகுச் சுருள், கம்பிக் கட்டு, இயந்திரம், டிரான்ஸ்பார்மர், காற்றாலை இறக்கை. மூடிய கன்டெய்னரில் கதவைச் சாத்தி சீல் வைத்தால் வேலை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. சங்கிலி போட்டு இறுக்கணும், கட்டை வைத்து முட்டுக் கொடுக்கணும், தார்பாய் விரித்துக் கயிறு கட்டணும். கொஞ்ச தூரம் போன பிறகு நிறுத்தி, சங்கிலி தளர்ந்திருக்கிறதா என்று மறுபடி பார்க்கணும். இருபது டன் சுருள் ஒன்று பிடி விட்டால், திடீர் பிரேக்கில் அது முன்னால் வந்து நிற்கும் இடம் கேபின்தான்.

இந்த வேலைக்கெல்லாம் தனியாகக் காசு உண்டா என்றால், பெரும்பாலும் கிடையாது. கிளீனர் இருந்த காலத்தில் அவர் பாதி செய்வார். இப்போது பல வண்டிகளில் கிளீனரே இல்லை. அவர் வேலை டிரைவரிடம் வந்துவிட்டது, அவர் பேட்டா வரவில்லை.

இன்னொன்று, அளவுக்கு மீறிய நீளமோ அகலமோ உள்ள சரக்கு. டிரைவர்கள் 'ஓடிசி லோடு' என்பார்கள். ஜிஎஸ்டி இ-வே பில் விதியைப் பார்த்தாலே இதன் வேகம் தெரிந்துவிடும். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று பில்லின் ஆயுளைக் கணக்கிடுகிறார்கள். ஓடிசி சரக்குக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அதாவது இந்த வண்டி பத்தில் ஒரு பங்கு வேகத்தில் போனாலும் ஆச்சரியமில்லை என்று அரசே ஒப்புக்கொள்கிறது. பாலம், மின்கம்பி, ஊர் நெரிசல் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போகும் லோடு இது. இதை ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசினால் என்ன மிஞ்சும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே டிரிப், மூணு கணக்கு

ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். இந்த எண்கள் கணக்குக்காக மட்டும். ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும்.

போக 1,600, வர 1,600 என்று மொத்தம் 3,200 கிலோமீட்டர். போகும்போது வாடகை 1,20,000 ரூபாய், ரிட்டர்ன் லோடுக்கு 60,000 ரூபாய். ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் என்றால் ஓட்டுவதற்கு மட்டும் 8 நாள். லோடு ஏற்ற, இறக்க 2 நாள் சேர்த்து 10 நாளில் திரும்பிவிட்டால் நல்ல டிரிப்.

வாடகையில் 10 சதவீதம் என்று பேசியிருந்தால் டிரைவருக்கு 18,000 ரூபாய், நாளுக்கு 1,800. கிலோமீட்டருக்கு 5 ரூபாய் என்றால் 16,000 ரூபாய், நாளுக்கு 1,600. மாதச் சம்பளம் 12,000, தினசரி பேட்டா 700 என்றால் 10 நாளுக்கு 11,000 ரூபாய், நாளுக்கு 1,100. இதைப் பார்த்தால் மாதச் சம்பளத்துக்குப் போகிறவர் ஏமாளி என்று தோன்றும்.

இப்போது மோசமான டிரிப். ஏற்றும் இடத்தில் காத்திருப்பு, இறக்கும் இடத்தில் காத்திருப்பு, ரிட்டர்ன் லோடு தேடி புக்கிங் ஆபீஸ் வாசலில் காத்திருப்பு என்று 10 நாள் டிரிப் 15 நாளாகிறது. கடைசியில் லோடே கிடைக்காமல் காலியாகத் திரும்புகிறார்.

சதவீதக்காரருக்கு 12,000 ரூபாய்தான். நாளுக்கு 800. கிலோமீட்டர்காரருக்குக் காலி ஓட்டத்துக்கும் காசு உண்டு என்று பேசியிருந்தால் அதே 16,000. ஆனால் 15 நாளுக்குப் பிரித்தால் 1,066 ரூபாய் சொச்சம். மாதச் சம்பளக்காரருக்கு 16,500 ரூபாய், நாளுக்கு அதே 1,100. வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது.

இதில் சாப்பாடு, டீ, குளியல், கழிப்பறை என்று நாளுக்கு 400 ரூபாய் கழித்தால் சதவீதக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோவது ஒரு நாளுக்கு 400 ரூபாய். ரோட்டில் தூங்கி எழுந்த 15 நாளுக்கு 6,000.

காலி ஓட்டத்துக்குக் கிலோமீட்டர் காசு உண்டா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். லோடோடு ஓடிய தூரம் மட்டும்தான் என்று கடைசியில் செட்டில்மென்ட் நேரத்தில் சொன்னால் 16,000 பாதியாகிவிடும். அதேபோல ஜிபிஎஸ் காட்டும் தூரமா, மேப்பில் வரும் குறுகிய தூரமா என்பதிலும் ஒவ்வொரு டிரிப்பிலும் நூறு இருநூறு ரூபாய் ஒளிந்திருக்கிறது.

காத்திருக்கிற நாளுக்கு யார் காசு தரணும்?

சரக்கு அனுப்பும் ஆலைதானே வண்டியை நிறுத்திவைக்கிறது, அவர்கள்தானே தரணும்? நியாயமான கேள்வி. 'ஹால்டிங்' என்ற பெயரில் அதற்கு ஒரு தொகை பேசும் வழக்கமும் உண்டு. ஆனால் ஆலைக்கும் டிரைவருக்கும் நடுவில் பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனி, அதன்கீழ் புரோக்கர், அதன்கீழ் வண்டி ஓனர் என்று மூன்று படி இருக்கிறது. ஹால்டிங் கேட்டால் அடுத்த லோடு தரமாட்டார்களோ என்று ஒவ்வொருவரும் மேலே உள்ளவரிடம் கேட்கத் தயங்குவார்கள். நஷ்டம் ஒரு படி, ஒரு படியாகக் கீழே இறங்கி, அதற்குக் கீழே தள்ளிவிட ஆள் இல்லாத இடத்தில் வந்து நிற்கும். அந்த இடம்தான் ஸ்டீயரிங்.

ஓனர் பக்கத்தையும் பார்க்கணும். ஒரே ஒரு டிரெய்லர் வைத்திருப்பவருக்கு மாதம் பிறந்தால் வண்டிக் கடன் தவணை நிற்கிறது. டோல், டயர், இன்சூரன்ஸ் எதுவும் காத்திருக்காது. அவருக்கே ஹால்டிங் வராத நாளில் டிரைவருக்கு எங்கிருந்து கொடுப்பது என்று அவர் கேட்பதில் பொய் இல்லை. சதவீத முறை நிலைத்துநிற்பதற்குக் காரணமே, நல்லதும் கெட்டதும் இருவருக்கும் சமம் என்ற தோற்றத்தை அது தருவதுதான். ஆனால் வண்டி ஓனர் பெயரில் இருக்கிறது, கடன் முடிந்தால் சொத்து அவருக்கு. கெட்டதில் மட்டும்தான் டிரைவர் பங்காளி என்பது இந்தக் கணக்கில் வெளியே தெரியாது.

மிச்சம் பிடிச்சா உனக்கு... தொப்பூர் இறக்கத்தில் என்ன நடக்கிறது?

மொத்தத் தொகை முறைக்கு வருவோம். அதே 3,200 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 3.2 கிலோமீட்டர் தரும் என்று ஓனர் கணக்குப் போட்டு 1,000 லிட்டர் டீசலுக்குக் காசு தருகிறார். உண்மையில் 3 கிலோமீட்டர்தான் தந்தது என்றால் 67 லிட்டர் கூடுதல். லிட்டர் 92 ரூபாய் என்றால் 6,000 ரூபாய்க்கு மேல் டிரைவர் கையிலிருந்து போகும். எதிர்க்காற்று, காற்றை வாங்கிப் புடைக்கும் தார்பாய், தேய்ந்த டயர், பழைய இன்ஜின், மலைப்பாதை. இதில் எது டிரைவர் கையில் இருக்கிறது?

அவர் கையில் இருப்பது ஒன்றுதான், ஓட்டும் விதம். மிதமான வேகத்தில், தேவையில்லாமல் பிரேக் போடாமல் ஓட்டினால் டீசல் மிச்சமாகும், அது நல்ல பழக்கம். ஆனால் மிச்சம் பிடித்தே ஆகணும் என்ற நெருக்கடி வேறு பழக்கத்தையும் கொண்டுவருகிறது. தருமபுரி மாவட்டம் தொப்பூர் கணவாயில் அடிக்கடி விபத்து நடப்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அங்கே போலீஸ் திரும்பத் திரும்பத் தரும் எச்சரிக்கைகளில் ஒன்று, இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடாதே என்பது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் இழுத்துப்பிடிக்காது, முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இது தெரியாத பழைய டிரைவர் இருக்க முடியாது. தெரிந்தும் ஏன் விடுகிறார்கள் என்றால், டீசல் மிச்சமாகும் என்ற எண்ணத்தில்தான். டிரைவரின் அலட்சியம் என்று செய்தியில் ஒரு வரி வரும். அந்த டீசல் காசு யார் கணக்கில் இருந்தது என்று கேட்டு யாரும் எழுதுவதில்லை.

தூக்கமும் இதே கணக்கில்தான் வருகிறது. சேவ்லைஃப் அறக்கட்டளை 10 நகரங்களில் லாரி டிரைவர்களிடம் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் சராசரியாக நாளுக்கு 12 மணி நேரத்தை ஒட்டி ஓட்டுவது தெரியவந்தது. களைப்போடும் தூக்கக் கலக்கத்தோடும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர். ஆலை வாசலில் இரண்டு நாள் வீணானால், அந்த இரண்டு நாளை ரோட்டில் இரவில் ஓட்டித்தானே ஈடுகட்ட முடியும்.

அமெரிக்காவில் கிலோமீட்டர் கணக்குதானே?

ஆமாம், அங்கே மைல் கணக்கு. நெடுந்தூர டிரைவர்களில் பெரும்பாலானோருக்கு மைலுக்கு இத்தனை சென்ட் என்றுதான் சம்பளம். தட்டை டிரெய்லர் ஓட்டுகிறவர்களுக்குத் தார்பாய் போட்டால் அதற்கென்று தனித் தொகை தரும் கம்பெனிகள் உண்டு. இங்கே யோசித்துப் பார்க்கக்கூடிய விஷயம் இது. ஒரு நாளைக்கு 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்ற விதியை வண்டியில் பொருத்திய மின்னணுக் கருவியே கண்காணிக்கிறது.

ஆனால் காத்திருப்புப் பிரச்சினை அங்கேயும் தீரவில்லை. பல இடங்களில் முதல் இரண்டு மணி நேரக் காத்திருப்புக்குக் காசு கிடையாது. 1938-ம் ஆண்டு சட்டத்தில் உள்ள விலக்கு காரணமாக, மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் டிரைவர்களுக்கு மத்திய சட்டப்படி ஓவர்டைம் உரிமையும் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கண்காணிப்பு அலுவலகம் 2018-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. ஏற்றி இறக்கும் இடங்களில் வீணாகும் நேரத்தால் டிரைவர்கள் இழக்கும் வருமானம் ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர். சராசரி காத்திருப்பு 15 நிமிடம் கூடினால் விபத்து வாய்ப்பு 6.2 சதவீதம் கூடுகிறது என்றும் அதே அறிக்கை சொன்னது. காத்திருந்த நேரத்தை வேகத்திலும் தூக்கத்திலும் ஈடுகட்டுவது நாமக்கல் டிரைவர் மட்டுமல்ல.

இந்தியாவிலேயே வேறு வழியில் முயன்றவர்கள் உண்டு. குருகிராமைச் சேர்ந்த ரிவிகோ நிறுவனம், ஒரே டிரைவர் கடைசி வரை ஓட்டாமல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை டிரைவரை மாற்றும் 'ரிலே' முறையைக் கொண்டுவந்தது. டிரைவர் எதிரே வரும் இன்னொரு வண்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்பலாம். அதற்கு ஏராளமான வண்டிகளும் ஒரே தடத்தில் தொடர்ந்து லோடும் வேண்டும். ஒற்றை டிரெய்லர் ஓனரால் முடிகிற காரியம் இல்லை. ரிவிகோவின் எக்ஸ்பிரஸ் பிரிவை 2022-ல் மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கிக்கொண்டது.

விபத்து நடந்தால் எது சம்பளம்?

பலரும் கவனிக்காமல் விடுகிற இடம் இதுதான். பேட்டாவும் கமிஷனும் கையில் வரும்போது எல்லாமே சம்பளம்தான். சட்டத்தின் கண்ணில் அப்படி இல்லை.

வேலையின்போது டிரைவர் இறந்தால் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 40 வயதுக்கு அந்த எண் 184.17. ஊதியம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் எடுப்பது 15,000 ரூபாய் வரைதான் என்று மத்திய அரசு 2020 ஜனவரியில் உச்சவரம்பு வைத்தது. 1923-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்தக் கணக்கு முறை, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. இஎஸ்ஐ உள்ள இடங்களுக்கு வேறு ஏற்பாடு.

மாதம் 26,000 ரூபாய் சம்பாதிக்கும் 40 வயது டிரைவரை எடுத்துக்கொள்ளலாம். அதில் 8,000 மட்டும் 'சம்பளம்' என்று ஓனரின் நோட்டில் இருக்கிறது, மீதி 18,000 பேட்டாவும் கமிஷனும். அந்த 8,000-ஐ மட்டும் ஊதியமாக எடுத்தால் இழப்பீடு 7,36,680 ரூபாய். 15,000 என்று எடுத்தால் 13,81,275 ரூபாய். ஓட்டியது ஒரே வண்டி, ஒரே ரோடு. நோட்டில் எழுதிய விதத்தால் குடும்பத்துக்கு ஆறு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். 8,000 என்பது அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே என்றால், அதைச் சொல்லிக் குடும்பத்தின் வக்கீல் வாதாட இடம் உண்டு. ஆனால் வாதாடித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பழைய சட்டத்தில் பயணப்படி ஊதியத்தில் சேராது என்று இருந்தது. பேட்டா என்பது பயணப்படியா சம்பளமா என்று வழக்குக்கு வழக்கு இழுபறி நடக்கும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இது கொஞ்சம் மாறியிருக்கிறது. ஊதியம் எது என்ற விளக்கத்தில் கமிஷன், போக்குவரத்துப்படி, வேலைக்காக ஆகும் சிறப்புச் செலவு, ஓவர்டைம் போன்றவை விலக்குப் பட்டியலில் உள்ளன. டிரைவர் வருமானத்தின் பெரும்பகுதி அந்தப் பட்டியலில்தான் போய் விழுகிறது. அதோடு நின்றிருந்தால் நிலைமை முன்பைவிட மோசம். ஆனால் அதன்கீழே ஒரு நிபந்தனையும் இருக்கிறது. விலக்கப்பட்ட தொகைகள் மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பங்கை ஊதியமாகவே கருத வேண்டும்.

நம்ம உதாரணத்தில் 26,000-ல் பாதி 13,000. விலக்குக்குள் போனது 18,000, அதாவது பாதியைவிட 5,000 அதிகம். அந்த 5,000-ஐ 8,000-உடன் சேர்த்தால் ஊதியம் 13,000. இழப்பீடு 11,97,105 ரூபாய். நோட்டில் எப்படி எழுதினாலும், மொத்த வருமானத்தில் பாதியாவது ஊதியம் என்று ஆகிவிடுகிறது. நல்ல விஷயம்தான். ஒரே சிக்கல், அந்த 26,000 வந்ததற்கு ஆதாரம் வேணும். ரொக்கமாகக் கையில் வாங்கிய கமிஷனுக்கு யார் சாட்சி?

எதிரே வந்த வண்டியின் தவறால் விபத்து என்றால், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழியும் உண்டு, அங்கே 15,000 என்ற உச்சவரம்பு கிடையாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆனால் டிரைவர் தூங்கிவிட்டார், வண்டி தானே கவிழ்ந்தது என்றால் பெரும்பாலும் மிஞ்சுவது மேலே சொன்ன சூத்திரம்தான். அங்கேயும் இங்கேயும் முதலில் கேட்கப்படுவது வருமான ஆதாரம்.

எட்டு மணி நேர வேலை எல்லாம் லாரிக்கு உண்டா?

1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. நெடுந்தூர ஓட்டத்துக்கு அனுமதி பெற்று நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம். ஐந்து தொழிலாளர் இருந்தாலே அந்தச் சட்டம் பொருந்தும். இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பத்து பேர் இருந்தால்தான் போக்குவரத்து நிறுவனத்துக்குப் பொருந்தும். நாலைந்து வண்டி ஓனர்கள் நிறைந்த சங்ககிரியில் இந்த ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் எத்தனை டிரைவர்கள் இருப்பார்கள் என்று யோசித்தால் போதும். ஊதியச் சட்டத் தொகுப்புக்கு இந்த ஆள் கணக்கு இல்லை. குறைந்தபட்ச ஊதியமும், அதிக நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலியும் அதில் வருகிறது. ஆனால் டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று எழுதிவைக்கும் பழக்கமே இல்லாத தொழிலில், எதை வைத்து இரட்டிப்பு கேட்பது?

அப்போ, எந்தச் சம்பளத்துக்குப் போகலாம்?

இதுதான் சிறந்தது என்று ஒன்றைச் சொல்லிவிட முடியாது. ஒரே தடத்தில், தெரிந்த ஆலைக்கு, இரு பக்கமும் லோடு உறுதியாக ஓடும் வண்டி என்றால் சதவீதம் லாபமாக இருக்கலாம். சந்தையில் லோடு தேடி ஓடும் வண்டி என்றால் மாதச் சம்பளம், பேட்டா உள்ள இடம் பாதுகாப்பு, தொகை கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும். ஓடிசி லோடுக்குக் கிலோமீட்டர் கணக்கு வேண்டவே வேண்டாம், நாள் கணக்குதான் சரி. டீசல் உட்பட மொத்தத் தொகை என்று சொன்னால், அந்த வண்டி கடைசி மூன்று டிரிப்பில் உண்மையில் எத்தனை லிட்டர் குடித்தது என்று கேட்காமல் சாவியை வாங்கக் கூடாது.

சேருவதற்கு முன்பே ஓனரிடம் கேட்டுவிட வேண்டியவை சில உண்டு. ஆலை வாசலில் ஒரு நாள் முழுக்க நின்றால் என்ன தருவீங்க, ஹால்டிங் வந்தால் அதில் எனக்கு எவ்வளவு, காலியாகத் திரும்பினால் எப்படி, தார்பாய் கட்ட ஆள் உண்டா, அபராதம் விழுந்தால் யாருடையது. கடைசிக் கேள்வி முக்கியம். ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒரு டிரிப் வருமானத்தையே அது விழுங்கிவிடும். சங்கடமா இருக்கேன்னு கேட்காமல் விடுபவர்கள்தான் செட்டில்மென்ட் அன்றைக்குச் சண்டை போடுகிறார்கள்.

சம்பளம், பேட்டா, கமிஷன் மூன்றும் வங்கிக் கணக்கிலோ யுபிஐ-யிலோ வருமாறு கேட்டு வாங்குவது நல்லது. டிரிப் ஷீட்டை ஓனரிடம் ஒப்படைக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தால் அதுவும் ஒரு ஆவணம். வண்டியின் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு டிரைவரே பார்த்துக்கொள்ளலாம். ஏனென்றால் டிரைவருக்கான இழப்பீட்டுப் பொறுப்பும் அந்தக் கட்டாய இன்சூரன்ஸில்தான் இருக்கிறது. இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால், குடும்பம் ஓனரிடம்தான் போய் நிற்கணும். ஓட்டுநர்களுக்கென்று தமிழ்நாடு அரசின் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியமும் இருக்கிறது. அதில் பதிந்திருந்தால் அந்த உதவி தனி.

இழப்பீட்டு மனுவை தொழிலாளர் துறையில் இந்த வழக்குகளை விசாரிக்கும் ஆணையரிடம் கொடுக்க வேண்டும். விபத்து நடந்த நாளிலிருந்தும், மரணம் என்றால் இறந்த நாளிலிருந்தும் இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். விபத்து ஜார்க்கண்டில் நடந்தாலும், குடும்பம் தாங்கள் வசிக்கும் பகுதிக்கான அலுவலகத்திலேயே மனு செய்யலாம்.